பித்தளைக்கு வயதும் விலையும்: பழைய சீனக் கலைப்பொருள்களை அறிய ஒரு பாடம்

கொல்கத்தாவில் இரண்டு, மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு சீனப் பித்தளைப் பொருளாவது இருக்கும். டிராகன் செதுக்கிய தட்டு, சிறு கைமணி, மூடி போட்ட தூபக்கால், நீள வாக்கில் சாவி நுழையும் விசித்திரமான பூட்டு, இவற்றில் ஏதோ ஒன்று. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டுச் சாமான்களோடு வாங்கியதாகவோ, டிரெட்டி பஜார் சீனர் கடையில் வாங்கியதாகவோ, ரஸ்ஸல் தெரு ஏலத்தில் எடுத்ததாகவோ அதற்கு ஒரு கதையும் இருக்கும்.

வீட்டைக் காலி செய்து சென்னைக்கோ திருச்சிக்கோ போகும் நாள் வரும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. ஒருவர் “கிலோ கணக்கில் போட்டுவிடலாம்” என்பார். இன்னொருவர் அடிப்பக்கத்துச் சீன எழுத்தைப் பார்த்துவிட்டு, “இது மிங் காலத்துப் பொருள், லட்சக் கணக்கில் போகும்” என்பார். இருவருமே பொருளைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். இரும்பு ஆலையில் உலோகப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஏலக் கூடங்களுக்குப் போய் வேடிக்கை பார்ப்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். வியாபாரி அல்லன். பார்த்தும் கேட்டும் படித்தும் அறிந்ததை ஒரு பாடமாக எழுதச் சொன்ன நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில், இது பித்தளைதானா?

செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். இது நாம் அறிந்ததே. ஆனால் ஏலக்காரர்கள் சீனப் பொருள் எதையும் ‘வெண்கலம்’ என்றே கூவுவார்கள். வெண்கலம் என்றால் பழமை என்ற எண்ணம் அவர்களுக்கு. உண்மையில் மிங், சிங் அரச மரபுகளின் காலத்துத் தூபக்கால்களில் பெரும்பாலானவை துத்தநாகம் மிகுந்த பித்தளையே. 16ஆம் நூற்றாண்டில் சீன அரசு தன் காசுகளையே பித்தளையில் வார்க்கத் தொடங்கியது. 1637இல் சுங் யிங்ஷிங் எழுதிய தொழில்நுட்ப நூலில் துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பித்தளை என்பதால் ஒரு பொருள் புதியது ஆகிவிடாது.

வெள்ளி போல் மங்கலாக மின்னும் சீனப் பொருள் கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த ‘பாக்டங்’ எனும் வெள்ளைச் செம்பாக அது இருக்கலாம். யுன்னான் மாநிலத்துத் தாதுவிலிருந்து கிடைத்த இந்த உலோகம் 18ஆம் நூற்றாண்டில் கான்டன் துறைமுகம் வழியாக இங்கிலாந்து வரை போனது. அதே கலவையை ஐரோப்பியர் 1820களில் தாங்களே செய்யக் கற்று ‘ஜெர்மன் சில்வர்’ என்று விற்றார்கள்.

பித்தளை முலாம் பூசிய மட்ட உலோகத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காந்தம், ஒட்டினால் உள்ளே இரும்பு. இன்னொன்று ஆர்க்கிமிடீஸ் வழி. சமையலறையில் உள்ள டிஜிட்டல் தராசில் பொருளை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையும் பக்கத்தையும் தொடாமல், முழுவதும் நீரில் மூழ்கும்படி பிடியுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம்தான் பொருளின் கனஅளவு. எடையை அதனால் வகுக்க வேண்டும். 420 கிராம் மணி, நீரில் பிடித்தபோது 50 காட்டினால் விடை 8.4, பித்தளைக்குரிய எண் இது. அதே 420 கிராம் மணி 63 காட்டினால் விடை 6.7தான் வரும், அது பெரும்பாலும் துத்தநாகக் கலவையின் மேல் பூசிய முலாம். உள்ளே காற்று அடைபட்ட பொருளுக்கும், மரமோ கல்லோ பதித்த பொருளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

2. கை வேலையா, இயந்திர வேலையா?

அடுத்து ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். செதுக்கிய கோட்டின் உட்புறத்தைப் பாருங்கள். சிற்றுளியால் வெட்டிய கோடு ‘வி’ வடிவப் பள்ளமாக இருக்கும். தொடங்கும் இடத்தில் மெல்லியதாகி, நடுவில் ஆழ்ந்து, முடிவில் மீண்டும் மெலியும். டிராகனின் செதில்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அமிலத்தால் அரித்த கோட்டின் அடி தட்டையாக, எங்கும் ஒரே ஆழத்தில் இருக்கும். அச்சில் அழுத்திய மெல்லிய தகடாக இருந்தால் முன்பக்க உருவத்தின் தடம் பின்பக்கத்திலும் தெரியும். இவை இரண்டும் மலிவான, பெருமளவில் செய்த பொருளுக்கு அடையாளம்.

வார்ப்புப் பொருளில், இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும். நல்ல வேலையில் அதை அரத்தால் ராவி மறைத்திருப்பார்கள். சுவாமிமலையில் நம்மவர்கள் செய்வது போன்ற மெழுகு வார்ப்பில் அந்தக் கோடே இருக்காது. அடியில் வட்ட வட்டமாகக் கடைசல் கோடுகள் இருந்தால் உடனே ‘மெஷின் வேலை’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். பழைய தூபக்கால்களையும் வார்த்த பின் கடைசல் பிடித்தே முடித்தார்கள். கூட்டல் குறி போட்ட தலையுள்ள திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. அது இருந்தால் பொருள் அதற்குப் பிந்தியது, அல்லது அதற்குப் பின் ரிப்பேர் செய்யப்பட்டது.

3. அடியில் உள்ள ஆறு எழுத்துகள்

அதிக ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. பித்தளைத் தூபக்காலைத் திருப்பினால் பெரும்பாலும் சதுரக் கட்டத்துக்குள் ஆறு எழுத்துகள் இருக்கும். வலது பத்தியில் தொடங்கி மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். முதல் எழுத்து, கைகளை விரித்துக் கால்களை அகட்டி நிற்கும் மனிதனைப் போலிருக்கும். ‘பெரிய’ என்று பொருள். இரண்டாவது, சூரியனும் சந்திரனும் அருகருகே நிற்பது, அதுதான் ‘மிங்’. முழுவதும் சேர்த்தால் ‘தா மிங் ஷுவான்தே நியென் ஜி’, அதாவது ‘மாபெரும் மிங் மரபின் ஷுவான்தே ஆட்சியில் செய்தது’.

ஷுவான்தே ஆட்சி 1426 முதல் 1435 வரை நடந்தது. சயாமிலிருந்து திறையாக வந்த செம்பைக் கொண்டு 1428இல் அரண்மனைக்கும் கோயில்களுக்கும் ஆயிரக்கணக்கில் தூபக்கால்கள் வார்க்கச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. அந்தக் கதையைச் சொல்லும் நூலே பிற்காலத்தில் எழுதப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் கதையின் புகழ் குறையவில்லை. அடுத்த ஐந்நூறு ஆண்டுகள் சீனக் கன்னார்கள் அதே பெயரைப் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். எல்லாமே ஏமாற்றுவதற்காகச் செய்ததல்ல. முன்னோர் வேலைக்குக் காட்டிய மரியாதை என்றும் அவர்கள் நினைத்தார்கள். ஆக, கையில் உள்ள பொருள் 17ஆம் நூற்றாண்டினதாகவும் இருக்கலாம், போன வருஷத்தினதாகவும் இருக்கலாம். முத்திரை அதைச் சொல்லாது.

ஒரு ஏலத்தில் ஷுவான்தே முத்திரையோடு ஒரு சாம்பல் கிண்ணத்தைப் பார்த்தேன். சிகரெட்டைச் சாய்த்து வைக்க விளிம்பில் மூன்று பள்ளங்கள். அதை மிங் காலத்தது என்று ஒருவர் கூவ, இன்னொருவர் விலை ஏற்றிக்கொண்டிருந்தார். ஷுவான்தே மறைந்தபோது கொலம்பஸ் பிறக்கவே இல்லை. சீனாவுக்குப் புகையிலை போய்ச் சேர்ந்தது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். முத்திரையைப் படிப்பதற்கு முன் பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்டிருந்தால் போதும்.

மூடியில் துளைகள் இட்டு, உள்ளே கரி போட்டு, கையில் வைத்துக்கொள்ளும் சிறு கணப்புகளில் ‘ஜாங் மிங்சி’ என்ற பெயர் இருக்கும். ஜியாஷிங் ஊரைச் சேர்ந்த இந்தப் புகழ்பெற்ற கைவினைஞர் மிங் மரபின் கடைசிக் காலத்தவர். மைப்பெட்டிகளின் மூடியில் கவிதையும் ஓவியமும் செதுக்கிப் பெயர் வாங்கியவர் பெய்ஜிங்கின் சென் யின்ஷெங், 19ஆம் நூற்றாண்டினர். இந்த இருவர் பெயரையும் பிற்காலத்தார் தாராளமாகக் கடன் வாங்கியிருக்கிறார்கள். கணப்பில் மூடி எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்றும், மைப்பெட்டியில் கோடு எவ்வளவு உயிரோடு ஓடுகிறது என்றும் பாருங்கள். பெயர் அதற்குப் பிறகு.

ஆண்டைக் குறித்த பொருள்களும் உண்டு. அவற்றைப் படிப்பது தமிழருக்கு எளிது. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் சுழல்வது போலவே சீனர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. நம் பிரபவ 1987இல் வந்தது. அவர்களின் முதல் ஆண்டான ‘ஜியாசு’ 1984இல். அதற்கு முன் 1924, அதற்கும் முன் 1864. ஆகவே ஒரு மைப்பெட்டியில் ‘ஜியாசு’ என்றிருந்தால், இவற்றில் எது என்பதைப் பொருளின் வேலைப்பாட்டிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

4. ஆங்கில எழுத்து இருந்தால்

அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி, 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டியிருந்தது. ‘சைனா’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்த கிண்ணங்களும் மணிகளும் சிகரெட் பெட்டிகளும் ஏற்றுமதிக்காகச் செய்தவை. பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி. ‘மேட் இன் சைனா’ என்ற தொடர் பொதுவாக அதற்கும் பிந்தியது. 1950 முதல் 1971 வரை அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை விதித்திருந்தது. அந்தக் காலத்தில் பித்தளை அலங்காரப் பொருள்கள் ஹாங்காங்கிலிருந்து நிறையப் போயின. ‘ஹாங்காங்’ என்ற முத்திரையுள்ளவற்றில் பல அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை.

ஆங்கில எழுத்து இல்லை என்பதால் பொருள் 1891க்கு முந்தியது என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்தச் சட்டம் அமெரிக்கச் சுங்கத்துக்கு உரியது. ஷாங்காயிலிருந்து நேரே கல்கத்தாவுக்கு வந்த பொருளுக்கு அந்த முத்திரை தேவைப்படவில்லை. அமெரிக்காவில் அச்சான வழிகாட்டிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு இங்குள்ள பொருளை அளப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

5. உருவங்களின் மொழி

மொராதாபாத் வேலையா, சீன வேலையா என்று ஐயம் வந்தால் உருவங்கள் உதவும். சீன அலங்காரம் பெரும்பாலும் ஒலிச் சிலேடை. வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ‘ஃபூ’ என்றே ஒலி. ஐந்து வௌவால்கள் என்றால் ஐந்து பேறுகள். மீன் ‘யூ’, மிகுதியும் ‘யூ’. மான் ‘லூ’, அரசு ஊதியமும் ‘லூ’. பீச் பழம் நீண்ட ஆயுள். ஒரே எழுத்து இரட்டையாக ஒட்டி நின்றால் அது திருமணத்துக்குரிய ‘இரட்டை மகிழ்ச்சி’. சிங்க இணையில் பந்தை மிதிப்பது ஆண், குட்டியை மிதிப்பது பெண். ஒன்று மட்டும் கையில் இருந்தால் ஜோடி எங்கோ பிரிந்துவிட்டது என்று பொருள்.

6. புளியை அடுக்களையிலேயே வையுங்கள்

நம் வீடுகளில் பித்தளை என்றால் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் அது சரி. இந்தப் பொருள்களுக்கு அதைப் போல் கேடு வேறில்லை.

பல ஆண்டுகள் காற்றும் கையும் பட்டதில் பித்தளையின் மேல் தேன் நிறத்திலோ பழுப்பிலோ ஒரு படலம் உண்டாகிறது. சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது இதற்குத்தான். புளியின் அமிலம் இதைக் கரைத்துவிடுகிறது. துத்தநாகமும் சிறிது கரைவதால் மேற்பரப்பு செம்பு நிறம் காட்டுகிறது. பாலிஷ் பசையில் உள்ள பொடியோ, செதுக்கிய கோட்டின் கூர்மையையே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ராவி எடுக்கிறது. நூறு ஆண்டுச் சான்று அரை மணி நேரத்தில் போய்விடும். பிறகு எந்த நிபுணராலும் அதைத் திரும்ப எழுத முடியாது.

தூசியை மென்மையான தூரிகையால் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அழுக்கு மிகுந்தால் மென்மையான சோப்பு நீர். உடனே ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெளிர் பச்சையில் மாவு போல் களிம்பு கிளம்பி, துடைத்த பிறகும் திரும்ப வந்தால், பொருளை ஈரமில்லாத இடத்தில் தனியே வைத்துப் பாதுகாப்பு நிபுணரைக் கேளுங்கள்.

போலிப் பழமையையும் இங்கேயே பிடிக்கலாம். உண்மையான தேய்மானம் கை படும் இடத்தில் இருக்கும்: பிடி, மூடியின் குமிழ், அடி வளையம், புடைத்த மூக்கு. பள்ளங்களில் அழுக்கு கெட்டியாக, ஏற்றத்தாழ்வோடு இருக்கும். போலியில் கருப்பு எங்கும் ஒரே சீராகப் பூசியிருக்கும். நகத்தால் சுரண்டினால் வரும். சில சமயம் பூட்ஸ் பாலிஷ் வாசனையே அடிக்கும். பூட்டு என்றால் சாவியை நுழைத்துப் பாருங்கள். சாவி உள்ளேயுள்ள வில் தகடுகளை அமுக்க, தண்டு பக்கவாட்டில் நழுவி வெளியே வர வேண்டும். பல ஆண்டு பயன்பட்ட பூட்டில் சாவித் துளையின் விளிம்பு மழுங்கியிருக்கும்.

7. விலை எப்படி அமைகிறது?

எந்தப் பொருளுக்கும் மூன்று விலைகள் உண்டு. முதலாவது காயலான் கடை விலை, அதாவது உலோகத்தின் எடை. இரண்டாவது அலங்கார விலை. வரவேற்பறையில் வைக்க விரும்புபவர் தருவது. மூன்றாவது சேகரிப்பவர் விலை.

‘சைனா’ முத்திரை போட்ட டிராகன் கிண்ணம், கைமணி, ஹாங்காங் சாம்பல் கிண்ணம் இவையெல்லாம் இரண்டாவது வகை. நிறையச் செய்யப்பட்டவை, அழகுக்கு மட்டுமே விலை. கையால் செதுக்கிய மைப்பெட்டி, மூடி பொருந்தும் கைக் கணப்பு, பாக்டங் புகைக்குழாய், கனமான தூபக்கால் ஆகியவை மூன்றாவது வகைக்குப் போகலாம். தூபக்காலில் அலங்காரம் எவ்வளவு மிகுதியோ விலையும் அவ்வளவு மிகுதி என்று எண்ண வேண்டாம். எளிய வடிவம், நல்ல கனம், கலையாத மேற்பரப்பு இவற்றையே சீன ரசிகர்கள் போற்றுகிறார்கள். அப்படிப்பட்டவை உலக ஏலங்களில் கோடி ரூபாயைத் தாண்டியதும் உண்டு. மிக அரிதாக நடப்பது அது. நம் அலமாரியில் இருப்பதை அதோடு ஒப்பிட்டு வீட்டில் சண்டை வளர்க்க வேண்டாம்.

ஜோடியாக இருந்தால் ஒற்றையின் இரு மடங்குக்கும் மேல் மதிப்பு. மூடி தொலைந்திருந்தால், கால் ஈயப் பற்று வைத்து ஒட்டப்பட்டிருந்தால் மதிப்பு குறையும். விலையைத் தெரிந்துகொள்ளக் கடைக்காரர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். அதே வகைப் பொருள் ஏலத்தில் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். ஏலக் கூடங்கள் பல இதை இணையத்தில் வெளியிடுகின்றன. விற்பவருக்கு அதிலும் தரகு கழிந்தே கைக்கு வரும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுடைய தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சீனாவில் செய்ததுதானே என்று விலக்குக் கிடைக்கும் என எண்ண வேண்டாம். ஐயம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் பெற்ற பிறகே பெட்டியில் வையுங்கள்.

8. எழுத்தைப் படிக்காமல் விற்காதீர்கள்

கொல்கத்தாவில் உள்ள நமக்கு இது தனிக் கடமை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சீனர்கள் இந்த நகரத்தில் வாழ்கிறார்கள். கான்டன் பகுதித் தச்சர்களும், ஹக்கா தோல் பதனிடுவோரும் டிரெட்டி பஜாரிலும் டாங்ராவிலும் கோயில்கள் எழுப்பினார்கள். 1962 போரின்போது இந்தியச் சீனர் பலர் ராஜஸ்தானின் டியோலி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அதன் பின் குடும்பம் குடும்பமாக நாட்டை விட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுச் சென்ற, அவசரத்தில் விற்ற சாமான்களும் இந்த நகரத்து ஏலங்களுக்கும் பழைய சாமான் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன.

சீனர் பூசை மேடையில் ஐந்து பொருள்கள் ஒரு தொகுதி: நடுவில் ஒரு தூபக்கால், இருபுறமும் மெழுகுவத்தித் தண்டுகள் இரண்டு, பூக்குடுவைகள் இரண்டு. ஒருமுறை அப்படியொரு தண்டு, கால் வளைந்த நிலையில், ஓர் ஏலத்தின் உடைசல் குவியலில் கிடந்தது. உடைசல் எடுப்பவர் கையில் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். அதன் தண்டில் ஒரு வரி எழுத்து. என்னோடு வந்திருந்த சீன நண்பர் கைவிளக்கை அடித்து வாசித்தார்: “குவாங்ஷூ 31ஆம் ஆண்டு, தச்சர்கள் சேர்ந்து பணிந்து அளித்தது.” குவாங்ஷூ ஆட்சியின் முதல் ஆண்டு 1875. எனவே 1874ஓடு 31ஐக் கூட்டினால் 1905. பேரரசர் முத்திரை எதுவும் அதில் இல்லை. சேகரிப்பவர் விலையும் பெரிதாகப் போயிருக்காது. ஆனால் இந்த ஊரில் உளி பிடித்த மனிதர்கள் கூலியில் மிச்சம் பிடித்துத் தங்கள் தெய்வத்துக்குக் கொடுத்தது அது. நண்பர் கூடத்தாரிடம் பேசினார். கொடுத்தவர் சம்மதித்து அதை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். பிறகு அது சீனக் கோயில் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் எடைக்குப் போய் உருகியிருக்கும்.

ஆகவே வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பொருளில் எழுத்து இருந்தால், விற்குமுன், பாலிஷ் போடுமுன், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்து ஒரு படம் எடுங்கள். சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பூசைப் பொருளாகத் தோன்றினால், வந்த வழி தெரியாமல் வாங்கவும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் பொருளை யார், எங்கே, எந்த ஆண்டு வாங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களை இப்போதே கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி அதனுள்ளே போட்டு வையுங்கள். பின்னால் அதை மதிப்பிட வருகிறவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.